கொல்லையும் அடுப்பங்கரையும்

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை ஏராளம். நிலத்தைக் கொத்துதல், எருவிடுதல், நாற்று விடுதல், பூச்சிகளை ஒழித்தல் ஆகியவை குறித்துத் துண்டுப் பிரசுரங்களும், விதைப் பொட்டலங்களும், செயல் விளக்கப் பாத்திகளும் கிராமங்களுக்குச் சென்றவண்ணம் இருக்கின்றன. ஆயினும் இவை யாவும் சமையலறையின் வாயிற்படியோடு நின்றுவிடுகின்றன. பறித்த காய் எவ்வாறு நறுக்கப்படுகிறது, எதனோடு சேர்த்து வேகிறது, யாருடைய இலையில் எவ்வளவு விழுகிறது என்பவற்றை விசாரிப்பது விவசாய இலாகாவின் வேலையன்று என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. இவ்வெண்ணம் மாற வேண்டும். கொல்லைத் தோட்டத்தின் பயன் அடுப்பங்கரையிலேயே முடிவாகிறது. ஆதலின் அத்தோட்டத்தின் திட்டமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு மரத்தின் கணக்கு

முருங்கை மரம் இல்லாத கிராம வீடு அரிது. 1989-ல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து பி.கே.எம்.1 என்னும் செடி முருங்கை வெளியிடப்பட்ட பின்னர், மரம் பெரிதாகும் வரையில் காத்திராமல், விதைத்த ஆண்டிலேயே காய் பறிக்கவும் வழி ஏற்பட்டது. மரத்தை வளர்ப்பதில் குடியானவருக்குக் குறையொன்றுமில்லை. காய்கள் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போகின்றன, சாம்பாரிலும் விழுகின்றன. இலையோ பெரும்பாலும் ஆட்டுக்குப் போகிறது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தார் 1971-ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலைக் கவனித்தால் இவ்வழக்கத்தின் நஷ்டம் விளங்கும். அப்பட்டியலின்படி 100 கிராம் முருங்கைக்காயில் சுண்ணாம்புச்சத்து 30 மில்லிகிராம். அதே எடையுள்ள முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம். பசும்பாலில் இருப்பது 120 மில்லிகிராம் மட்டுமே. உடலில் சென்று ஜீவசத்து 'ஏ'யாக மாறும் கரோட்டீன் என்னும் பொருள் காயில் 110 மைக்ரோகிராம். கீரையில் 6,780 மைக்ரோகிராம். கண்பார்வைக்கும் குழந்தைகளின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் இன்றியமையாத சத்து இதுவே. நிலமும், நீரும், மரமும் ஒன்றே. அதன் கிளையில் எதை ஒடிப்பது என்று முடிவு செய்கிற கையே குடும்பத்துக்குக் கிடைக்கும் சத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

இதை அற்ப விஷயமென்று தள்ளுவதற்கில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57.4 பேருக்கும் இரத்த சோகை இருக்கக் காணப்பட்டது. தஞ்சை போன்ற நெற்களஞ்சியமும், நீலகிரி போன்ற காய்கறி மலையும், ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய சந்தையும் உடைய நாட்டில் இந்நிலை. விளைச்சல் பெருகினால் இரத்தமும் பெருகும் என்று தாமாக எண்ணிக்கொள்வது தவறென்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிற நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. குழந்தைகளின் போஷாக்கைக் கருதி விவசாயத் துறையில் பல தேசங்களில் செய்யப்பட்ட முயற்சிகளை ஒருங்கே ஆராய்ந்து 2012-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வீட்டுத் தோட்டங்களும் அவற்றுள் அடங்கும். ஊக்குவிக்கப்பட்ட பொருள்களின் விளைச்சல் கூடியது. ஜீவசத்து 'ஏ' விஷயத்தில் ஓரளவு நன்மையும் தென்பட்டது. ஆனால் இரும்புச்சத்து உடலில் சேர்ந்ததற்கோ, குழந்தைகளின் மெலிவு குறைந்ததற்கோ போதிய சான்று கிடைக்கவில்லை. விதையைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதே இதன் பொருள்.

சமைப்பவரைக் கேட்டு விதைத்தல்

கொல்லைத் தோட்டங்களில் வழக்கமாகக் காணப்படும் குறை ஒன்றுண்டு. கிடைத்த விதையை ஒரே நாளில் பாத்தி முழுவதும் தெளித்துவிடுகிறார்கள். கத்தரி நாற்று நாற்பது இருந்தால் நாற்பதையும் நட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு மாதம் நாள்தோறும் கத்தரிக்காய். வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். எஞ்சியது மாட்டுத் தொட்டியில் விழுகிறது. அடுத்த மாதம் கொல்லை வெறுமையாகிறது; காய்க்குக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இது பயிர்த்தொழிலின் குற்றமன்று. சமைப்பவரைக் கேளாமல் விதைத்ததன் குற்றம்.

நாளொன்றுக்கு ஒருவர் காய், கீரை, கனி ஆகியவற்றைச் சேர்த்து 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. கிழங்கு வகைகள் இக்கணக்கில் சேரா. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. இவ்வளவையும் சிறு கொல்லை கொடுத்துவிடாது. 5 சென்ட் நிலம், அதாவது சுமார் 2,180 சதுர அடி, உள்ள வீட்டிலும் சில மாதங்களில் சந்தையை நாடத்தான் வேண்டும். எதைச் சந்தையில் வாங்கலாம், எதைக் கொல்லையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆராய்ந்து முடிவு செய்தல் நலம். வெங்காயமும், உருளைக்கிழங்கும், பழுத்த பரங்கியும் வாங்கி வைத்தாலும் கெடா. பறித்த சில மணி நேரத்தில் வாடுகிற கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, வெண்டை, அவரை, பச்சை மிளகாய், தக்காளி ஆகியவற்றிற்கே கொல்லையில் முதலிடம் தரவேண்டும்.

நடவுக்கு முன்பு ஒரு வார காலத்துக்கு வீட்டில் சமைக்கப்படுவன எவையென்று வீட்டு அம்மாளிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. அந்தத் தாளே தோட்டத்தின் வரைபடமாகும். சிறுகீரைப் பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைத்தால் கீரை இடைவிடாது கிடைக்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் பல மாதங்களுக்குத் தழைக்கும். கத்தரியும் மிளகாயும் பத்துச் செடிக்கு மேல் சிறு குடும்பத்துக்குத் தேவையில்லை. வேலியோரத்தில் முருங்கை, அகத்தி, எலுமிச்சை, பப்பாளி. பாத்திரம் துலக்கும் நீர் ஓடுமிடத்தில் வாழையும் சேம்பும். பந்தலில் அவரை அல்லது பீர்க்கு. இவற்றுள் பெரும்பாலானவை முன்னோர் கொல்லைகளில் இருந்தவையே.

பறிப்பதற்கும் சமையலுக்கும் உள்ள தொடர்பையும் மறக்கலாகாது. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் வெடுக்கென்று ஒடிகிற காயே கறிக்கு உகந்தது. எடை கூடுமென்று விட்டுவைத்தால் நார் பாயும். செடியும் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். நாள்தோறும் பறித்துண்ணும் தோட்டத்தில் கொடிய பூச்சி மருந்துகளுக்கு இடமில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பதே போதுமானது.

சிறுகச் சிறுக வருவதைச் சமைத்தல்

சந்தையில் ஒரு காயைக் கிலோக் கணக்கில் வாங்கிப் பழகிய வீட்டாருக்குக் கொல்லையின் இயல்பு சங்கடமாகத் தோன்றுகிறது. இன்று நான்கு கத்தரிக்காய், கைப்பிடி அவரை, ஒரு பீர்க்கங்காய். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்கிறார்கள். இதற்குரிய விடையைத் தமிழ்நாட்டுச் சமையல் முன்னமே கண்டு வைத்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு அவியலும், திருவாதிரையன்று களிக்குத் துணையாகும் ஏழு கறிக் கூட்டும், பொங்கலன்று பல காய்களும் கிழங்குகளும் இட்டு வைக்கும் குழம்பும், அன்றாடக் கதம்ப சாம்பாரும் எதற்காகத் தோன்றின? கொல்லையில் அவ்வப்போது அகப்படுகிற பலவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒரு குடும்பத்துக்குப் போதுமான கறியாக்குவதற்கே அவை பெரிதும் பயன்பட்டிருக்க வேண்டும். பண்டிகைக்கு மட்டும் அவற்றை ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் ஒரே காயின் பொரியலை வைத்துக்கொள்வது கொல்லை வைத்திருப்பவருக்குப் பொருந்தாத வழக்கம். பல நிறக் காய்கள் ஒரே சட்டியில் கூடும்போது பலவகைச் சத்துக்களும் ஒரே கவளத்தில் கூடுகின்றன. சிறிது துவரம் பருப்போ பாசிப்பருப்போ சேர்ந்தால் அக்கறி முழுமை பெறும்.

அன்றியும், எறியப்படுவனவற்றுள் எவ்வளவு உணவு இருக்கிறதென்பதைக் கவனித்தல் வேண்டும். பீர்க்கந்தோலை வதக்கி உளுந்தும் மிளகாயும் சேர்த்து அரைத்தால் துவையலாகும். முள்ளங்கியின் இலை நல்ல கீரை. பரங்கியின் இளந்தளிரும் பூவும் சமையலுக்கு ஏற்றவை. விதையை உலர்த்தி வறுத்தால் குழந்தைகள் விரும்பி உண்பார்கள். வாழை ஒன்றே காய், பூ, தண்டு, கனி, இலை என ஐந்து வகையில் உதவுகிறது. வாழைப்பூவின் ஒவ்வொரு மடலிலும் உள்ள கள்ளன் என்னும் விறைத்த நரம்பையும், கண்ணாடி போன்ற சிறு செதிலையும் நீக்கிவிட்டு, நறுக்கியதை நீர்மோரில் போட்டால் கறுக்காது. தண்டை வட்டமாக அரியும்போது வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி நீக்க வேண்டும். இவ்வேலை சற்று நேரம் பிடிப்பது உண்மையே. ஆனால் குலை வெட்டிய பின் எருக்குழிக்குப் போகும் தண்டு அதனால் இரண்டு வேளைக் கறியாகிறது.

சத்தைக் காக்கும் முறைகள்

வெயிலிலும் மழையிலும் பாடுபட்டு விளைவித்ததை அடுப்பில் இழந்துவிடக் கூடாது. ஜீவசத்து 'சி' நீரில் கரைவது, சூட்டில் அழிவது. ஆதலின் காயையும் கீரையையும் முதலில் கழுவிப் பிறகே நறுக்க வேண்டும். நறுக்கியதை நீரில் ஊறவிடலாகாது. துண்டுகள் பெரியனவாக இருத்தல் நலம். சிறிதளவு நீரில் மூடிவைத்துக் குறைந்த நேரத்தில் வேகவிட்டு, மிஞ்சிய நீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிட வேண்டும். பசுமை மாறாதிருக்கவும் விரைவில் வேகவும் ஆப்பச் சோடா இடுவது சில வீடுகளில் உண்டு. அது ஜீவசத்துக்களை அழிப்பதால் விலக்கத்தக்கது.

கீரையிலும் பரங்கியிலும் பப்பாளியிலும் உள்ள கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடலில் நன்கு சேராது. கீரை மசியலில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் தாளிப்பதும், பொரியலில் தேங்காய்த் துருவல் தூவுவதும் வெறும் ருசிக்காக மட்டுமல்ல. கீரையிலும் பயறுகளிலுமுள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேர்வதன்று. எலுமிச்சம் பழச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் அது மிகுதியாகச் சேரும். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். உணவோடும் உணவு முடிந்த உடனேயும் காப்பி, தேநீர் பருகுவது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்; ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் ஆகியவற்றை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அக்கசப்பு நஞ்சாகும், வேகவைத்தாலும் நீங்காது. கசப்பான சுரைக்காய்ச் சாற்றை அருந்தலாகாதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது. கசந்த கொடியிலிருந்து விதை எடுத்து வைத்தலும் கூடாது. பாகற்காயின் கசப்பு அதன் இயல்பாதலால் அதற்கு இவ்விதி இல்லை. இரண்டாவது, மரவள்ளிக் கிழங்கு. அதிலுள்ள நஞ்சு போகும்படி தோலை உரித்து, நறுக்கி, ஏராளமான நீரில் திறந்து வைத்து வேகவிட்டு அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். வேகவைத்த நீரைச் சேமிக்கும் முறை இதற்குப் பொருந்தாது.

மிகுதியும் குறைவும்

நன்கு பராமரிக்கப்படும் கொல்லையிலும் சில வாரங்கள் காய் மிகும். அக்காலத்தில் வற்றல் போடும் வழக்கம் மிக உயர்ந்தது. சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரும் உப்பும் சேர்த்து ஊறவைத்து உலர்த்தினால் மழைக்காலம் முழுவதற்கும் வற்றற்குழம்புக்கு உதவும். கத்தரி, கொத்தவரை, பாகல் ஆகியவையும் அவ்வாறே உலர்த்தத் தக்கவை. ஆனால் வெயிலில் காய்ந்ததில் கரோட்டீனும் ஜீவசத்து 'சி'யும் பெருமளவு குறைந்துபோகும். ஆகவே வற்றல் இருக்கிறதென்று கீரைப் பாத்தியைக் கைவிடலாகாது. முருங்கையிலையை உலர்த்துவதாயின் நிழலில் உலர்த்திப் பொடி செய்துகொள்ள வேண்டும். முற்றிய பரங்கியைக் காம்போடு அறுத்துக் காற்றோட்டமான பரணில் வைத்தால் பல வாரங்கள் இருக்கும்.

சில ஆட்சேபங்கள்

சந்தையில் காய் மலிவாகக் கிடைக்கும்போது கொல்லையில் பாடுபடுவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். மலிவான நாட்கள் உண்டு. தக்காளியும் வெங்காயமும் ஏழைகள் கிட்ட நெருங்க முடியாத விலைக்கு ஏறிய நாட்களும் உண்டு. விலை ஏறும்போது கூலிக்குடும்பம் முதலில் குறைப்பது காய்கறியையே. கொல்லையில் கீரை இருக்கும் வீட்டில் அக்குறை அவ்வளவு கடுமையாகத் தாக்காது.

நல்ல காயை விற்றுப் பணமாக்குவதே புத்திசாலித்தனம் என்பது மற்றொரு வாதம். விற்பதில் தவறில்லை. ஆயினும் 'தனக்கு மிஞ்சித்தான் தானம்' என்பது விற்பனைக்கும் பொருந்தும். முட்டையையும், பாலையும், இளங்காயையும் விற்றுவிட்டு, அப்பணத்தில் குழந்தைக்குப் பொட்டல பிஸ்கோத்து வாங்கிக் கொடுக்கிற குடும்பத்துக்கு அவ்வியாபாரத்தில் இலாபம் ஏது?

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. தோட்ட வேலையும் சமையல் வேலையும் சேர்ந்து பெண்களின் தோளிலேயே விழுகின்றன என்பதே அது. வயல் வேலைக்குப் போய்த் திரும்பி, நீர் சுமந்து, அடுப்பு மூட்டும் பெண்ணிடம் வாழைப்பூவை ஆய்ந்து சமைக்கும்படி உபதேசிப்பது எளிது. பாத்தி வெட்டுவதும், நீர் ஊற்றுவதும், பந்தல் போடுவதும் வீட்டு ஆடவர் வேலையாக வேண்டும். கீரை ஆய்வதும் பூ ஆய்வதும் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடியவை. அதனால் ஒருவருடைய கௌரவமும் குறைந்துவிடாது. இவ்வுதவியைச் செய்ய மனமில்லாத வீட்டில் விதைப் பொட்டலம் மற்றொரு சுமையாகவே முடியும்.

அதைவிட முக்கியமானது பரிமாறும் முறை. ஆடவரும் பிள்ளைகளும் உண்டு எழுந்த பின் சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு உண்பதே பல வீடுகளில் சமைத்தவளின் பங்கு. கருவுற்ற பெண்ணுக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், வளரும் சிறுமிக்கும் கீரையும் காயும் மிகுதியாக வேண்டியிருக்க, அவர்களுக்கே அவை குறைவாகக் கிட்டுகின்றன. எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்பதும், அது இயலாதாயின் முதலிலேயே அவர்கள் பங்கை எடுத்து மூடி வைப்பதும் காசு செலவில்லாத சீர்திருத்தங்கள். கொல்லைக் கீரை மட்டும் இரத்த சோகையைத் தீர்த்துவிடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும், குடற்புழு நீக்கும் மருந்தையும் உட்கொள்வது அவசியம். ஆயினும் மாத்திரை கொடுத்ததை நிலைநிறுத்துவது அன்றாட உணவே.

செயல் விளக்கம் எங்கே முடிய வேண்டும்

ஒரு செயல் விளக்கத் தோட்டத்தின் வெற்றியைப் பறித்த காயின் எடையைக் கொண்டு கணக்கிடுவதே இதுகாறும் வழக்கம். எடையைக் குறிக்கும் பதிவேட்டில் மேலும் இரண்டு கலங்கள் வேண்டும். அவ்வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் கீரை சமைக்கப்பட்டது என்பது ஒன்று. அது வீட்டிலுள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைத்ததா என்பது மற்றொன்று. பருவத்தில் ஒரு முறையேனும் கிராமச் சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ அடுப்பு மூட்டி, அவ்வூர்க் கொல்லைகளில் அன்று பறித்தவற்றைக் கொண்டே சமைத்துக் காட்டினால், நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாத வேலையை அது செய்யும். சமைத்துக் காட்டுபவர் வெளியூர் நிபுணராக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் கைம்மணத்துக்குப் பேர்பெற்ற மூதாட்டிகள் இருக்கிறார்கள். பீர்க்கந்தோல் துவையலும் அகத்திக்கீரைப் பொரியலும் அவர்களுக்குப் புதியன அல்ல. அங்கன்வாடி ஊழியரும் சுகாதாரச் செவிலியரும் உடனிருந்து சத்து விஷயங்களை எடுத்துரைக்கலாம்.

ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க வரும் குடியானவரிடம், அவ்விதையை நட்டு விளையும் காயைச் சமைக்கப்போகிறவரைக் கேட்டு வந்தாரா என்று வினவுவது விவசாய உத்தியோகஸ்தரின் கடமைகளுள் ஒன்றாக வேண்டும். அடுத்த முறை அவ்வம்மையாரையும் உடன் அழைத்து வரும்படி சொல்வது அதனினும் மேல். விதைப் பொட்டலத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கையும் சேருமாயின், கொல்லையில் விளைந்தது வீணாகாமல் அடுப்பேறும். அடுப்பேறியது அவர் இலைக்கும் வந்து சேரும்.